வெண்பாவின் முழங்கை

தலை பின்னிவிடச் சொல்லி வெண்பா சீப்போடு வந்து நின்றபோதே அன்புக்கரசிக்குச் சந்தேகம் தட்டியது. விவரம் தெரிந்த நாளிலிருந்து தன் தலையைத் தானே பின்னிக்கொள்கிற பெண். அதுவும் இன்றைக்கு, மாநில பேஸ்பால் அணிக்கு ஆள் எடுக்கிற நாளில். ரிப்பனைக் கட்டி முடித்தவள், தற்செயலாகத் தொடுவதுபோல மகளின் வலது முழங்கையில் விரலை வைத்தாள். வெண்பா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"எத்தினி நாளா வலிக்குது?"

"பந்து போட்டா எல்லாருக்கும் வலிக்குந்தாம்மா. சார்கிட்ட சொல்லிப்புடாத."

ஒருநாள் வீசினால் மறுநாள் கைக்கு ஓய்வு கொடுக்கவேண்டும் என்று பயிற்சியாளர் சக்கரபாணி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இவளோ ஓய்வு நாளிலும், அம்மா வேலை செய்கிற பீங்கான் கம்பெனியின் பின்சுவரில் கரியால் கட்டம் போட்டு அதில் பந்தை எறிந்துகொண்டிருந்தாள். உள்ளே, சூளைக்குப் போகாத பொம்மைகளின் பிசிறைச் சீவிக்கொண்டிருக்கும் அன்புக்கரசிக்கு அந்தத் தொம் தொம் சத்தம் கேட்கும். "ஒம் பொண்ணு தமிழ்நாட்டுக்கே ஆடப் போறா பாரு" என்று பக்கத்தில் இருக்கும் பாஞ்சாலை சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மகளுடன் மைதானத்துக்குப் போனாள். வழியெல்லாம் மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் இவள் ஜென்மத்துக்கும் மன்னிக்கமாட்டாள். சொல்லாமல் விட்டு, நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் தூக்கக்கூட அந்தக் கை உதவாமல் போய்விட்டால்?

வெண்பாவின் முதல் பந்து சீறிக்கொண்டு போனது. எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கையுறையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். வியர்வையைத் துடைக்கிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருக்கலாம். அன்புக்கரசி சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

"சார், அவ கை வலிக்குது சார். போட வுடாதீங்க."

சக்கரபாணி ஆட்டத்தை நிறுத்தினார். "வலிக்குதா வெண்பா?"

"இல்ல சார். எங்கம்மா சும்மா பயப்படுது."

"கைய நீட்டு."

முழுசாக நீளவில்லை. அவர் முகம் சுண்டிவிட்டது. "இதோட போட்டா ஜவ்வு கிழிஞ்சிரும்மா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. மறுபடி பந்து போடலாமா வேணாமான்னு அவருதான் சொல்லணும்."

வெண்பாவுக்குப் பதிலாக, அவளோடு பயிற்சி எடுக்கும் பூங்கோதை பந்து வீச இறங்கினாள். பெஞ்சில் மகளின் பக்கத்தில் அன்புக்கரசி போய் உட்கார்ந்ததும் வெண்பா எழுந்து மறுகோடிக்குப் போய்விட்டாள். அவள் அழுதால்கூடத் தேவலை என்றிருந்தது அன்புக்கரசிக்கு. பூங்கோதையின் பந்துகள் கண்டபடி போயின.

"தோள எறக்காதடி!"

வெண்பாவின் குரல்தான். அடுத்த பந்து நேராகப் போய் விழுந்தது. எல்லோரும் கைதட்டி ஓய்ந்தார்கள். வெண்பா மட்டும், வலது கையை மடியில் போட்டபடி, இடது உள்ளங்கையால் தன் தொடையில் பலமாகத் தட்டிக்கொண்டே இருந்தாள்.