தைஷானில் எவடம்

சாம்பவிக்கு எல்லைக்கோடுகள் என்றால் ஒரு விசர். மற்றவர்கள் கிரிக்கெட் பார்ப்பதுபோல அவள் வரைபடம் பார்ப்பாள். வேலையும் அப்படியே வாய்த்திருந்தது. மொன்றியலில் பனி வழிக்கிற ஒரு கொம்பனிக்கு, எந்த வண்டி எந்தத் தெருவில் தொடங்கி எங்கே திரும்ப வேண்டும் என்று கணினியில் கோடு கீறுவது. சில தெருக்களில் இந்தப் பக்கம் ஒரு நகரசபை, அந்தப் பக்கம் இன்னொன்று. பாதித் தெரு வெளித்துக் கிடக்க, மற்றப் பாதியில் முழங்கால் அளவு பனி நிற்கும். சனம் திட்டித் தீர்க்கும். சாம்பவி மட்டும் அதைப் படமெடுத்து எத்தியெனுக்கு அனுப்புவாள்.

எத்தியென் சுங் அவளுடைய ஆள். இங்கேயே பிறந்த சீனப் பெடியன். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற இடத்தில் மேற்பார்வை. ஜூனில் கலியாண எழுத்து வைப்பதென்று இரண்டு பேரும் தாங்களாகவே முடிவெடுத்துவிட்டார்கள். அம்மா குணேஸ்வரி இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் சேலை பார்க்கத் தொடங்கிவிட்டார். இழுத்தடித்தவர் அப்பா இரவிச்சந்திரன்தான். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை.

"பெடியன்ட தேப்பன் மனுசனை நான் ஒருக்கா நேர கண்டு கதைக்கவேணும். பேந்துதான் மற்றது" என்றார்.

அவருக்கு அதிலே ஒரு சிக்கல் இருந்தது. சம்பந்தம் என்றால் முதலில் விசாரிக்க வேண்டும். ரொறன்ரோவுக்கு ஒரு போன், பாரிசுக்கு ஒரு போன். இன்னாரின் மகனாம், ஊரில் எவடம்? முதல் பதிலில் பகுதி வரும். வடமராட்சி, தீவுப்பக்கம், இப்படி. இரண்டாவதில் ஊர் வரும். மூன்றாவதில் ஊருக்குள் எந்த மூலை, எந்தக் கோயிலடி, ஆருடைய வளவுக்குப் பின்னாலே என்பதெல்லாம் வந்துவிடும். அந்த மூன்றாவது பதிலோடு சாதியும் வந்து நிற்கும். அந்தச் சொல்லை ஒருவரும் வாயால் சொல்லத் தேவையில்லை. இந்தச் சம்பந்தத்துக்கு அவர் ஆருக்குப் போன் எடுப்பது?

"நான் விசாரிச்சுத் தாறன் அப்பா" என்று சாம்பவி நக்கலாகத்தான் தொடங்கினாள். பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. இரண்டு கிழமை சாப்பாட்டு மேசையிலும் பஸ்ஸிலும் அவளுடைய போனில் தென்சீனம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

சந்திப்புக்கு முதல்நாள், டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் தங்கள் வீட்டுக் குசினியில், அப்பா கணவாய் மீன் வெட்டிக்கொண்டு நிற்க, அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து உப்புப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"குவாங்டோங் மாகாணம் அப்பா. தெற்குக் கரை. அதில தைஷான் எண்டு ஒரு கவுண்டி. எங்கட ஆக்கள் மாதிரித்தான், பாதிச் சனம் வெளிநாட்டில. முந்தி இஞ்ச லோண்ட்ரி போட வந்த சீன ஆக்களில கனபேர் அந்தப் பக்கம்."

"கவுண்டி எண்டால் என்னடி?" என்றார் அம்மா.

"மாகாணத்துக்குள்ள சின்னப் பிரிவு அம்மா."

"எங்கட ஏ.ஜி.ஏ. டிவிசன் மாதிரி எண்டு சொல்லன்" என்றார் அப்பா. கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். சாம்பவிக்கு உசார் வந்துவிட்டது.

"அதேதான், ஆனால் நல்லாப் பெரிசு. முதல்ல சின்ஹுவெய் எண்டு ஒரு கவுண்டிதான் இருந்தது. பதினைஞ்சாம் நூற்றாண்டு முடியிற நேரம் அதில இருந்து வெட்டி, சின்னிங் எண்டு பேர் வைச்சவங்கள். அதே பேரில வேற மாகாணத்திலயும் கவுண்டி இருந்திருக்கு. சரியான குழப்பம். அதால ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாலில தைஷான் எண்டு மாத்தினது. தொண்ணூற்றிரண்டில நகரமாக்கிப்போட்டாங்கள். வயல் வயலாத்தான் கிடந்தது, பேருக்கு நகரம்."

"வேலையில்லாத கவுண்மேந்து" என்றார் அம்மா.

"அதில்லை அம்மா விசயம். எத்தியென்ட ஆக்கள் முழுத் தைஷான் இல்லை. அவன்ட தாத்தாட வீடு இருந்தது கடற்கரையில, இப்ப அணுமின் நிலையம் இருக்கிற பக்கமாம். நான் படத்தில பாத்தன். அது தென்கிழக்கு மூலை. அந்த மூலை முந்தி தனிக் கவுண்டி. ச்சிஷி."

அவள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த அந்தத் துண்டை விரலால் சுற்றிக் காட்டினாள். அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய ஊரவர்களுக்கும் பிந்தி வந்து குடியேறிய ஹக்காச் சனத்துக்கும் பன்னிரண்டு வருஷம் வெட்டுக்குத்து நடந்தது. ஊர் ஊராக எரிந்தது. கடைசியில் அரசாங்கம் வந்து இந்த மூலையை அறுத்து, ஹக்காச் சனத்தை அதற்குள் போய் இருக்கச் சொல்லிவிட்டது. பிறகு அதுவே ஒரு கவுண்டியானது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் கவுண்டியைக் கலைத்துத் திரும்பவும் தைஷானோடு சேர்த்துவிட்டார்கள்.

"ஒரு கவுண்டி பிறந்து செத்துப்போச்சு அப்பா. ஆருக்கும் தெரியாது. நாளைக்கு நான் அவரிட்டச் சொல்லப்போறன். எத்தியெனுக்கும் இன்னும் சொல்லேல்லை. மனுசன் எப்பிடிச் சந்தோசப்படும் பாருங்கோ."

அப்பாவின் கத்தி நின்றுவிட்டது.

"பிரிச்சு வைச்சது இவையையோ?"

"ஓம், பிந்தி வந்தவையை."

"மற்றவை இவையளோட செய்யிறேல்லையோ?"

செய்வதென்றால் கலியாணம் செய்வது. சாம்பவிக்கு அது விளங்க ஒரு நொடி எடுத்தது. "அந்தக் காலத்தில செய்திருக்க மாட்டினம்" என்றாள் மெதுவாக.

அப்பா கணவாயை அப்படியே போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். "இதை அங்க போய்க் கதைச்சுப்போடாத" என்றுவிட்டுக் கராஜுக்குப் போனார். கோடைக்கால டயர்களை உருட்டுகிற சத்தம் கேட்டது.

"நல்லா விசாரிச்சாய்" என்றார் அம்மா, கத்தியை எடுத்து மிச்சக் கணவாயை வெட்டிக்கொண்டே. "தைஷானோட நிப்பாட்டியிருக்கலாம். நுணுக்கமாச் சொன்னால்தான் உனக்கு மனம் ஆறும்."

சாம்பவிக்குக் காது சுட்டது. சீனாவில் ஒருவரையும் தெரியாத அப்பாவுக்கு, போன் எடுத்தாலும் கிடைக்காத அந்த மூன்றாவது பதிலை அவளே கோடு கீறி, நிறம் அடித்துக் கொடுத்திருக்கிறாள். இனி அவர் அந்த மனுசனை அந்த மூலைக்குள் வைத்துத்தான் பார்ப்பார். ஜூன் போய்விட்டது என்று அவள் நினைத்தாள். இரவெல்லாம் யோசித்ததில் பயம் போய்க் கோபம்தான் மிஞ்சியது. ஏன் மறைக்க வேண்டும்? எந்த மூலையில் பிறந்தால் என்ன? அப்பா வெட்கப்படட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சைனாடவுனில் வட்ட மேசை. எத்தியெனின் அப்பா முசியே சுங் முதலே வந்து இருந்தார். மனைவி இல்லாத மனுசன், கட்டடங்களில் லிஃப்ட் திருத்தி ஓய்வெடுத்தவர். நேர்த்தியாக இஸ்திரி போட்ட சேட்டு. தைஷான் ஊரவர் சங்கத்தின் செயலாளர் என்பதால் போகிற வருகிற கிழவர்கள் எல்லாம் மேசையடியில் நின்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். எத்தியென் எழும்பி, "வணக்கம் அங்கிள், வணக்கம் அன்ரி" என்று பாடமாக்கியதை ஒப்புவித்தான்.

மூங்கில் தட்டுகள் வந்தன. அம்மா ஒன்றின் மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்ன பிள்ளை, விரல் மாதிரி?"

"கோழிக்கால் அம்மா."

"எங்கட கோழிக்கும் கால் இருந்ததுதான். நாங்கள் எறிஞ்சுபோட்டம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, முசியே சுங்கைப் பார்த்து, "த்ரே போன்" என்று பிரெஞ்சில் புகழ்ந்தார். அவர் சிரித்து இரண்டு காலை எடுத்து அம்மாவின் தட்டில் வைத்தார். அம்மா சாம்பவியைப் பார்த்த பார்வையில் நெருப்பிருந்தது.

அப்பா துறைமுகத்துப் பண்டகசாலையில் பழகிய பிரெஞ்சில் கதைத்தார். வினைச்சொற்கள் பாதியில் உடைந்தாலும் கருத்துப் போய்ச் சேர்ந்தது. குளிரைப் பற்றி, பென்சனைப் பற்றி, பழுதான லிஃப்டுகளைப் பற்றி. இரண்டு பேரும் வேலைத்தலத்து மேலாளர்களை ஒரே மாதிரித்தான் ஏசினார்கள். எத்தியென் மேசைக்குக் கீழே சாம்பவியின் கையைப் பிடித்து அமத்தினான். சரிவருகிறது என்று அர்த்தம்.

பிறகு அப்பா கேட்டேவிட்டார். அவரால் கேட்காமல் இருக்க முடியாது.

"சீனாவில நீங்கள் எந்தப் பக்கம்?"

"தைஷான்" என்றார் முசியே சுங். உடனே, யோசிக்காமல், கதவு திறக்க முதலே சாவியை நீட்டுகிற மாதிரி.

"நல்லது" என்றார் அப்பா. அதோடு தேநீர்க் கோப்பையைத் தூக்கினார். அடுத்த கேள்வி கேட்கவில்லை.

அங்கே விட்டிருக்கலாம். சாம்பவிக்கு அந்த 'நல்லது' தைத்தது. தெரிந்துகொண்டே அப்பா நடிக்கிறார், வீட்டுக்குப் போய்த்தான் தீர்ப்புச் சொல்லுவார் என்று அவளுக்குப் பட்டது. அவளுடைய வாய் எப்போதும் அவளைவிட ஓரடி முன்னாலேதான் போகும்.

"ச்சிஷி, இல்லையா முசியே சுங்?" என்றாள். "கடற்கரை மூலை. மின் நிலையம் இருக்கிற பக்கம். முந்தித் தனிக் கவுண்டியா இருந்தது."

முசியே சுங்கின் குச்சிகள் தட்டின் விளிம்பில் நின்றன. அவர் முதலில் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த சங்கத்துக் கிழவர்களைத்தான் பார்த்தார். அவர்கள் தங்கள் பாட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு மகனைப் பார்த்தார்.

"நீ சொன்னாயா?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றான் எத்தியென். அவன் முகம் வெளிறியிருந்தது. "எனக்கே அந்தப் பேர் தெரியாது."

"தைஷான்" என்றார் முசியே சுங் திரும்பவும், ஒவ்வொரு எழுத்தாக. "எங்கள் ஆட்கள் தைஷான். நான் சங்கத்தில் முப்பது வருஷம் இருக்கிறேன்."

கதிரையைப் பின்னுக்குத் தள்ளுகிற சத்தம் கேட்டது. அவர் எழும்பவில்லை, ஆனால் எழும்பப் போகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. சாம்பவி வாயைத் திறந்தாள். அம்மாவின் கை அவளுடைய தொடையில் நுள்ளியது.

அப்போது அப்பா கோப்பையை வைத்தார்.

"நான் பூவரசம்பிட்டி" என்றார்.

அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

சாம்பவி அந்தப் பேரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆர் கேட்டாலும் அப்பா வடமராட்சி என்பார். இன்னும் கேட்டால் பருத்தித்துறைக்குக் கிட்ட என்பார். அதற்கு மேலும் கேட்டால் காருக்குக் காசு போடவேண்டும், பார்க்கிங் முடியப்போகிறது என்று எழும்பிவிடுவார். உலகத்தில் உள்ள எல்லைகளையெல்லாம் தோண்டுகிற அவள் இதை ஒருநாளும் தோண்டவில்லை. கோயிலில் ஆள்கள் விசாரிக்கும்போது அப்பா அவசரப்படுவது அவருடைய சுபாவம் என்றே நினைத்திருந்தாள்.

"அது நகரமா?" என்று கேட்டார் முசியே சுங். கதிரை அசையவில்லை.

"ஊரும் இல்லை" என்றார் அப்பா. அவருடைய பிரெஞ்சு முன்னையைவிட மெதுவாக வந்தது. "ஊர் முடிஞ்ச பிறகு கொஞ்ச வீடு. ஊர்க்கிணத்தில நாங்கள் அள்ளேலாது. வெளிய வந்த பிறகு, பெரிய பேரைச் சொல்லித்தான் நான் தப்பினது. எங்கட தமிழாக்கள் கடையில நிண்டு கேட்டால், இண்டைக்கும் அந்தப் பேரைத்தான் சொல்லுவன்."

பரிமாறுகிற பெண் வந்து, ஒருவரும் சாப்பிடாத தட்டொன்றைத் தள்ளிவைத்து இன்னொன்றை வைத்துவிட்டுப் போனாள்.

"என் அப்பா ஐம்பதுகளின் கடைசியில் வந்தவர்" என்றார் முசியே சுங், குரலைத் தாழ்த்தி. "கைக்குள் ஒன்றும் இல்லை. சங்கத்தின் மேல்மாடியில் கட்டில் இருந்தது. தைஷான் ஆட்களுக்கு மட்டும்தான். அவர் தைஷான் என்றார். கவுண்டியைக் கலைத்துச் சேர்த்தாகிவிட்டது, பொய்யுமில்லை." அவர் உதட்டின் ஒரு மூலை சிரித்தது. "வீட்டுக்குள் பேசுகிற பாஷையை மட்டும் கதவைச் சாத்திவிட்டுப் பேசுவார். எனக்கு அந்தப் பாஷை பாதிதான் தெரியும். இவனுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது சங்கத்தில் ஆரும் கேட்கப்போவதில்லை. இளம் ஆட்கள் கவலைப்படுவதுமில்லை. ஆனால் முப்பது வருஷம் சொல்லிவிட்டேன்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள் சாம்பவி. நேற்றுக் குசினியில் அப்பாவின் கத்தி ஏன் நின்றது என்று இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவர் அந்த மனுசனை அளக்கவில்லை. படத்தில் அவள் விரல் வைத்துக் காட்டிய துண்டில் அவர் தன்னைத்தான் கண்டிருக்கிறார். கதைக்காதே என்று சொன்னதும் அதற்காகத்தான்.

முசியே சுங் அவளைப் பார்த்தார். "அந்தப் பேரை எங்கே கண்டாய்?"

"படத்தில. நானாத்தான் தேடினன்."

"படத்தில் இன்னும் இருக்கிறதா?"

"இருக்கு. கவுண்டியா இல்லை, சின்னப் பட்டினமா."

அவர் தலையை ஆட்டினார். சாப்பாட்டு ஓடர் எழுதுகிற தாளொன்றைத் திருப்பிப்போட்டு, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து ஒரு கடற்கரை கீறினார். நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு துண்டு, அதில் ஒரு மலை, மலைக்குப் பின்னால் ஒரு புள்ளி. "என் அப்பா சொன்னது. நான் போனதில்லை" என்றார். பிறகு தாளையும் பேனாவையும் அப்பாவின் பக்கம் தள்ளினார்.

அப்பா கண்ணாடியைப் போட்டார். அதே தாளில், அந்தக் கடற்கரைக்குக் கீழே இன்னொரு கடற்கரை கீறினார். தெருவொன்று வந்தது, பனைகள் வந்தன, கடைசியில் குட்டிக் குட்டிப் பெட்டிகளாக வீடுகள். முசியே சுங் குனிந்து பார்த்து, கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டார். அப்பா காட்டினார். இரண்டு படத்திலும் வடக்குப் பிழை. முசியே சுங்கின் மலை கடலுக்கு மற்றப் பக்கம் இருந்திருக்க வேண்டும். சாம்பவிக்கு விரல் துடித்தது. அவள் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

எத்தியென் அவள் காதுக்குள், "அப்பா எனக்கு ஒருநாளும் இதைக் கீறிக் காட்டினதில்லை" என்றான் பிரெஞ்சில்.

"எனக்கும்தான்" என்றாள் அவள்.

அம்மா கோழிக்கால் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, எலும்பை நாசூக்காகத் துப்பினார். முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்து போனது. இரண்டாவதையும் எடுத்தார்.

"என்னப்பா" என்றார், தாளை விட்டுத் தலை நிமிராத புருசனைப் பார்த்து. "படம் கீறினது போதும். ஜூனில எந்தக் கிழமை அவருக்குத் தோதெண்டு கேளுங்கோவன்."

அப்பா பேனாவை வைக்காமலே கேட்டார்.