தாடியில்லாத படம்

பல் டாக்டரம்மா என் மகளின் எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டிவிட்டு, படத்தை விட்டு என் முகத்தையே பார்த்தார். ஏழாவது படிக்கும் என் மகளுக்குக் கீழ்த்தாடை முன்னே துருத்திக்கொண்டிருக்கும். கீழ்ப்பற்கள் மேல்பற்களை முந்திக்கொண்டு நிற்கும். வகுப்பில் 'மண்வெட்டி' என்று கூப்பிடுகிறார்களாம்.

"கிளிப் போட்டா சரியாயிடுமா டாக்டர்?"

"தாடை இன்னும் எவ்வளவு வளரும்னு தெரியணும். அது ஆளுக்கு ஆள் மாறும். வீட்ல யாருக்காவது இப்படி இருந்தா, வளந்துக்கிட்டே போக வாய்ப்பு அதிகம். அப்ப கிளிப் மட்டும் போதாது. வளர்ச்சி நின்னப்புறம் ஆபரேஷன்தான். உங்களுக்கு இல்ல. அவ அப்பாவோட தாடியில்லாத போட்டோ இருக்கா?"

எங்கே இருக்கிறது? கல்யாணப் படத்திலேயே மனுஷர் புதரோடுதான் நிற்கிறார். "சாமியாரைக் கட்டிக்கிட்டேன்" என்று நானே ஊரெல்லாம் கேலி பேசியிருக்கிறேன். அதற்கு முந்தைய படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுபேச்சில்லாமல் கத்தரிக்கோலையும் ரேசரையும் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. மகள் கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே வந்தார். அதே தாடை, இன்னும் நீளமாக. இனி டாக்டரம்மாவிடம் கிளிப்பைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. கத்தலாம் போல இருந்தது. யாரிடம் கத்துவது?

மகள் எழுந்து அவர் மோவாயைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு தன்னுடையதை.

"நான் அழுதுட்டு வரும்போதெல்லாம் 'உன் தாடைக்கு என்ன, அழகாத்தானே இருக்கு'ன்னு சொல்வீங்களேப்பா."

"ஆமாம்மா. அழகுதான்."

"அப்புறம் ஏன் நீங்க மறைச்சு வச்சிருந்தீங்க?"

வாயாடி மனுஷர், எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார். அன்று துண்டால் கன்னத்தைத் துடைத்தார். ஈரம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

"டாக்டருக்குப் போட்டோ வேணும். திரும்புங்க" என்று மகள் போனை எடுத்தாள். பக்கவாட்டில் ஒன்று, நேராக ஒன்று. சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"திரும்ப வளத்துக்கோங்கப்பா. எனக்குத்தான் தாடி முளைக்காது."