ஆரஞ்சுச் சட்டைக்கு ஊசி இல்லை

கேண்டீன் மேசைகளைச் சுவரோரம் தள்ளி, தரையைத் துடைத்து முடித்த புஷ்பவள்ளி, கையைக் கழுவிக்கொண்டு தானும் வரிசையில் போய் நின்றாள். செனாய் ஊருக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் அன்று ஊசி நாள். வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து தாதி வந்து எல்லோருக்கும் ஃபுளூ தடுப்பூசி போட்டுவிட்டுப் போவாள்.

முன்பெல்லாம் அது ஒரு சின்னத் திருவிழா. மெஷினை நிறுத்திவிட்டு, தின்ன ஆளுக்கொரு கறிபாஃப்பும், குடிக்கச் சூடாக மைலோவும் கொடுப்பார்கள். ஊசிக்குப் பயந்தவர்கள் புஷ்பவள்ளியின் கையைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மறுநாள் தோள் வலியோடு ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே வேலை நடக்கும். நினைத்தாலே அவளுக்குச் சிரிப்பு வரும்.

போன வருடம் துப்புரவு வேலையைக் காண்ட்ராக்ட்டுக்கு விட்டார்கள். அதே கேண்டீன், அதே துடைப்பம். நீலச் சட்டை மட்டும் ஆரஞ்சானது. அவளுக்கு ஊசியும் நின்றுபோனது. அந்த வருடம் இங்கிருந்துதான் காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவளுக்குச் சீக்கிரமே சரியாகிவிட்டது. ஆஸ்துமாக்காரரான கணவர் கமலநாதன் ஆஸ்பத்திரியில் மூச்சுவிடக் குழாய் பொருத்திக் கிடந்து பாதி ஆளாகத் திரும்பினார். "அவருக்குப் போட்டா மட்டும் பத்தாது. வீட்ல உள்ளவங்களும் வருஷா வருஷம் போட்டுக்கணும்," என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வரிசையைக் கவனித்துக்கொண்டிருந்த ஆபீஸ் பிரவீனா அவள் சட்டையைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, நீங்க காண்ட்ராக்ட் லா. உங்க ஏஜென்ட்டத்தான் கேக்கணும்."

"கேட்டேம்மா. கம்பெனியக் கேளுங்கறாரு. வீட்ல அவருக்கு நெஞ்சு சரியில்ல, அதான்."

"எனக்குத் தெரியும்கா. ரூல்ஸ் அப்படி. நான் என்னா செய்ய?"

விலகப் போன புஷ்பவள்ளியைப் பின்னால் நின்ற ரூபினி நிறுத்தினாள். ரூபினிக்கு இன்னும் கம்பெனியின் நீலச் சட்டைதான்.

"போவாதீங்கக்கா. கையக் குடுங்க, எனக்குப் பயமா இருக்கு."

கோபத்திலும் கை பழக்கத்தில் நீண்டது. ரூபினியின் முறை வந்தது. "அங்க பாக்காத. என்னயப் பாரு. அவ்வளவுதான், முடிஞ்சிருச்சு," என்றாள் புஷ்பவள்ளி.

மத்தியானத்துக்குள் வரிசை கலைந்தது. இரவு ஷிப்ட்காரர்களில் பலர் வரவேயில்லை. மிஞ்சிய மருந்தைத் தாதி ஐஸ் பெட்டியில் அடுக்கி மூடிவிட்டு, தூக்கிப் போக யாராவது கிடைப்பார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். பிரவீனா புஷ்பவள்ளியைக் கைகாட்டினாள்.

புஷ்பவள்ளி பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வெயிலில் நின்ற வேன் வரைக்கும் நடந்தாள். பெட்டி நன்றாகக் கனத்தது.