பன்னிரண்டு சிலிண்டர் காற்று

அவளுக்குக் காத்துக்காரி என்று பெயர் விழுந்து பதினோரு வருடம் ஆகிறது. கடலுக்கடியில் முக்குளிக்க ஆட்களைக் கூட்டிப்போகும் அந்தக் கடை அவளுடைய அண்ணனுடையது. பின்னாலிருந்த கம்ப்ரசர் அறை மட்டும் அவள் ராஜ்ஜியம். சிலிண்டர்களில் காற்று நிரப்புவது அவள் வேலை. அவள் தண்ணீருக்கடியில் ஒருநாளும் போனதில்லை. சிறுவயதில் சீழ் வைத்துச் செவிப்பறையில் ஓட்டை. டாக்டர் கூடவே கூடாது என்றுவிட்டார். "காதுல போனது மூக்குல வந்துடுச்சு" என்று அண்ணன் கேலி பேசுவான். மூக்கு விஷயத்தில் அவன் சொன்னது பொய்யில்லை.

அன்று காலை பன்னிரண்டு சிலிண்டர் நிரப்பிவிட்டு, வழக்கம்போல ஒன்றின் வால்வை லேசாகத் திறந்து முகர்ந்தாள். டீசல்.

காரணத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஏறி இறங்க வசதி என்று அண்ணன் புதுப் படகை நேற்றிலிருந்து அறைக்குப் பின்னாலேயே கட்டியிருந்தான். காலையிலிருந்து அதன் டீசல் இன்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. கம்ப்ரசர் காற்றிழுக்கும் குழாய் அந்தப் பக்கம்தான் நீட்டிக்கொண்டிருந்தது. "புகை உள்ள வரும்ணா" என்று நேற்றே சொன்னாள். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம்.

படகில் பத்துப் பேர் உடுப்பு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சிலிண்டர் எடுக்க வந்தான்.

"எடுக்காத. காத்து கெட்டிருக்கு."

அவன் குனிந்து முகர்ந்தான். "ஒண்ணும் இல்லையே. அடுத்த ரெண்டு மணி நேரத்துல நீரோட்டம் மாறிடும். தள்ளு."

"சுவத்துல என்ன எழுதியிருக்கே?"

அவனே எழுதியதுதான்: 'எவரும், எப்போதும், முக்குளிப்பை நிறுத்தலாம். காரணம் கேட்கப்படாது.'

"அது முக்குளிக்கிறவங்களுக்கு. நீ கால் நனைச்சிருக்கியா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அவளுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடமும் இந்த ஒரே வார்த்தைதான். ஒரு சிலிண்டரில் மூச்சிழுக்கும் ரெகுலேட்டரைப் பொருத்தி, வாயில் வைக்கும் முனையை அவன் முன் நீட்டினாள்.

"இழு. நல்லா அஞ்சு மூச்சு இழு."

வீம்புக்கு வாங்கி இழுத்தான். மூன்றாவது மூச்சில் டீசல் கசப்பு நாக்கில் பட்டு முகம் சுளித்தான். நான்காவதை அவன் இழுக்கவில்லை.

"லேசாத்தான்டி இருக்கு."

"இங்க லேசு. இருபது மீட்டர் கீழ இதே விஷம் மூணு மடங்கு வேலை செய்யும். தலை சுத்தினா உக்கார அங்க நாற்காலியா போட்டிருக்கே? நான் இறங்கினதில்லைதான். கணக்கு தெரியும்."

"எல்லாமேவா கெட்டிருக்கும்? நல்லதாப் பாத்து..."

"மூக்குக்கு டீசல்தான் தெரியும். புகையில இருக்கற விஷத்துக்கு வாசனையே கிடையாது. பிரிக்க என் மூக்கு மெஷினா?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு சிலிண்டரைத் தூக்கினான். இனி பேசி ஆகப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மீதிப் பத்தின் வால்வுகளையும் வரிசையாகத் திறந்துவிட்டாள். காற்று சீறியது. வால்வுகளில் வெண்பனி பூத்தது. படகிலிருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"பைத்தியமா உனக்கு? இனி இந்தப் பக்கம் வராத!" அவன் கத்தியது பாதிதான் கேட்டது.

"என்னம்மா ஆச்சு?" என்று படகிலிருந்து ஒரு பெண் கூவினாள்.

"காத்து கெட்டுப்போச்சு. உங்களை இறங்கவிட மாட்டேன்!" பதிலுக்குக் கூவினாள். அவ்வளவு பேர் முன்னால் அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

பத்தும் தீர்ந்து அடங்கியபோது பத்துப் பேரும் உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் கறுப்புப் பேனாவை எடுத்து, சுவரில் அவன் எழுதியதற்குக் கீழே எழுதினாள்: 'காற்று நிரப்புகிறவளும்.'

"அழி அதை" என்றான்.

"நீயே அழிச்சுக்கோ. ஆனா அதுக்கப்புறம் கம்ப்ரசரையும் நீயே ஓட்டிக்கோ."

அவன் சுவரைப் பார்த்தான். கையிலிருந்த இரண்டு சிலிண்டரையும் கீழே வைத்தான். பிறகு குனிந்து, அவற்றின் வால்வுகளைத் தானே திறந்துவிட்டு, படகை அவிழ்த்து வேறிடத்தில் கட்டப் போனான்.