பங்களா ரோட்டில் வீரய்யா

மழை விட்டிருந்தது. பாடை கட்டி ஒரு மணி நேரமாகியும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலை விட்டு யாரும் அசையவில்லை. அழகன் நெருப்பில் தப்பு மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். தோட்டத்து மேனேஜர் தொரையிடம் அனுமதி கேட்கப் போன கணக்கப்பிள்ளை ராமநாதன் குடையோடு திரும்பி வந்தார்.

"முடியாதுன்னுட்டாரு. பங்களா ரோட்டுல பொணம் போகக் கூடாதாம். எப்பவும்போல ஓடைப் பக்கமா எறக்கிருங்க."

ஓடைப் பாதை செங்குத்து. போன மாதம்தான் அதில் ஒரு பாடை வழுக்கிக் கவிழ்ந்தது.

நாகலெட்சுமி கணவனின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். வீரய்யா பத்து வருடம் தோட்டத்துச் சங்கத் தலைவர். தோட்டத் தமிழரின் ஓட்டுரிமையை அரசாங்கம் பறித்தபோது கொழும்புவரை போய் அடி வாங்கிச் சிறையில் கிடந்தவர். கங்காணிகள் பெண்கள்மேல் கை வைப்பதை நிறுத்தியவர். பாடைக்கும் அந்த ரோட்டைத் திறந்துவிடச் சொல்லி மூன்று மனு எழுதினார். அது மட்டும் நடக்கவில்லை.

"அந்த ரோட்டுக்குக் கல்லு ஒடச்சது எங்க மாமனாருங்கய்யா. இவரு அதுலதான் போவாரு."

"வேலை போயிரும், புள்ள."

"எத்தன பேருக்கு? முன்னூறு பேருக்குமா? அப்ப நாளைக்குத் தொரைசானி வந்து கொழுந்து கிள்ளட்டும்!"

சாவு வீடென்றும் பாராமல் கூட்டம் சிரித்தது. நான்கு பேர் பாடையைத் தூக்கினார்கள்.

"பொம்பளை மயானத்துக்கு வர்றதா?" என்றார் ராமநாதன்.

"மயானத்துக்கு வரல. ரோட்டுக்குத்தான் வர்றேன்."

அவள் நடந்தாள். பெண்கள் எல்லாரும் பின்னால் வந்தார்கள்.

பங்களா தெரியும் வளைவில் மேளம் சட்டென்று நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. திருவிழாவோ கல்யாணமோ, அந்த இடத்தில் சத்தம் அடங்கியாக வேண்டும் என்பது பழைய சட்டம். பாடை தூக்கியவர்களில் ஒருவன் கை தலைத்துண்டை அவிழ்க்கப் போயிற்று. பங்களா விறாந்தையில் தொரை நின்றிருந்தார்.

"என்னடா அழகா, கை மரத்துப்போச்சா?" என்றாள் நாகலெட்சுமி.

"பழக்கம் அக்கா. இங்க வந்தா தானா நின்னுருது."

"பாடையில போற ஒங்கண்ணன் இதுக்கா மறியல்ல கெடந்தாரு? அடிடா!"

அழகன் அடித்தான். மலை முழுக்க அதிர்ந்தது. துண்டுக்குப் போன கை கீழே இறங்கியது. தொரை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "தலைவருக்கு ஜே!" என்று முன்னூறு தொண்டைகள் கத்தின.

பங்களா வேலி ஓரத்தில், ரோசாச் செடிகளுக்கு நடுவே இரண்டு வெள்ளைக் கற்கள் தெரிந்தன.

"யாரோட சமாதி?" என்று நாகலெட்சுமி அங்கே நின்ற பங்களாத் தோட்டக்காரனைக் கேட்டாள்.

"தொரையோட நாய்ங்களோடது அக்கா. பேரு, செத்த தேதியெல்லாம் வெட்டியிருக்கு."

அவள் சரிவைப் பார்த்தாள். கீழே லயத்து மயானம். தேயிலைச் செடிகள் மண்மேடுகள்வரை ஏறி வந்திருந்தன. ஒரு கல் கூட இல்லை. புதுக் குழி மட்டும் சிவப்பாய்த் திறந்திருந்தது.

மேளம் நிற்கவில்லை.