முனியாண்டி பார்த்த பக்கம்

முனியாண்டி வருவதற்கு முந்தின நாளே தர்மராஜ் தங்கைக்கு இடம் காட்டிவிட்டான்.

"வேப்பமரத்துக்கு அந்தாண்ட நின்னுக்கோ ரதி. சாயங்கால வெயில் மூஞ்சில விழும். இங்க நின்னா பின்னாடி பிளாஸ்டிக் நாற்காலிங்கதான் தெரியும், அசிங்கமா இருக்கும் லா."

"சாமி வந்துட்டா வெயில் எங்க விழுதுன்னு உனக்கு எப்படிண்ணே தெரியும்?"

அவன் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தான். "வாய மூடு. நல்லா எடுத்துக் குடு, வாட்சப்ல வைக்கணும்."

மலேசியாவில் மந்தினுக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் இப்போது தமிழர் என்று யாரும் இல்லை. ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளை இடித்தார்கள், சனங்கள் மம்பாவ் அடுக்குமாடிகளுக்குப் போய் ஒண்டிக்கொண்டார்கள். வேப்பமரத்தடி முனியாண்டியை மட்டும் யாராலும் கிளப்ப முடியவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை எல்லாரும் காரிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்து, பொங்கல் வைத்து, கிடா வெட்டி, ஒரு நாள் தோட்டத்து ஆட்களாக இருந்துவிட்டுப் போவார்கள்.

அந்த ஒரு நாள்தான் தர்மராஜுக்கு வாழ்க்கை. அன்றைக்கு முனியாண்டி இறங்குவது அவன்மேல்தான். பரீட்சையில் கோட்டைவிட்டவன். மம்பாவில் கார் கழுவும் கடையில் வேலை. கோயில் தலைவர் இராஜமாணிக்கம் தன் வண்டியை அங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார். "டேய், டயர எவன்டா தேய்ப்பான், உங்கப்பனா?" என்பார். திருவிழாவன்று அதே மனிதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சாமி, எம் பெரிய மகனுக்கு ஒரு வழி காட்டணும் சாமி" என்று அவன் முன்னால் குனிந்து நிற்பார். மற்ற நாளெல்லாம் அண்ணன் சோப்பு நுரையில் நின்று எதை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று ரதிக்கு நன்றாகத் தெரியும்.

ரதிக்கு இருந்த வெறி வேறு. சிரம்பானில் சனிக்கிழமைதோறும் இளையவர்களுக்குப் புகைப்பட வகுப்பு நடந்தது. கேமராவை இரவல் கொடுத்து, கடைசியில் கண்காட்சி வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். தலைப்பு, 'நான் யார்?' ஆளாளுக்குக் கண்ணாடியைப் பார்த்தும் சேலையைச் சுற்றிக்கொண்டும் தங்களையே படமாகச் சுட்டுத் தள்ளினார்கள். ரதி தன் அடையாள அட்டையை எடுத்தாள், அடுக்குமாடிப் படிக்கட்டை எடுத்தாள், தன் பாதத்தை எடுத்தாள். வகுப்பு நடத்திய நிரஞ்சனா ஒவ்வொரு வாரமும் அதே கேள்விதான் கேட்பாள்.

"நல்லா இருக்கு ரதி. ஆனா இதுல நீ எங்க இருக்க?"

பஸ்ஸில் வரும்போது ரதிக்கு அழுகையாக வரும். பத்தொன்பது வயதில் தன் படத்திலேயே தன்னைத் தேட வேண்டியிருந்தால் அழாமல் என்ன செய்வாள்?

திருவிழாவன்று அவள் அண்ணன் சொன்ன இடத்திலேயே நின்றாள். உறுமி ஏறியது. சிவப்புக் கச்சையும் சாட்டையும் சுருட்டுமாகத் தர்மராஜ் ஆடி வந்தான். மூன்று வயதாகியும் வாய் திறக்காத பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு விமலா அவன் காலடியில் உட்கார்ந்தாள். அவன் பிள்ளையின் தலையில் கை வைத்தான்.

"பேசும்டி. அடுத்த வருஷம் என் வாசல்ல வந்து பேசும்."

விமலா கண்ணை மூடிக்கொண்டு தேம்பினாள். அந்த நொடியில் முனியாண்டியின் கண்கள் மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பி, நேராக ரதியின் கேமராவைப் பார்த்தன. சின்ன வயதில் அண்ணன் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு "எப்படி இருக்கு?" என்று அவளிடம் கேட்பானே, அதே பார்வை. ரதி அழுத்திவிட்டாள்.

வீட்டில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கூட்டத்தில் அவன் தேடிய முகம் அவள் முகம். முதல் தடவையாக ஒரு படத்தில் அவள் இருந்தாள்.

அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பான் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. நிரஞ்சனா வெகு நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுதான் ரதி," என்றாள். "அண்ணன்கிட்ட கேட்டாச்சா?"

"கேட்டுட்டேன்க்கா."

கண்காட்சியன்று படம் மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு நின்றது. முதல் பரிசு, ஒரு புதுக் கேமரா. அன்றைக்கே ஃபேஸ்புக்கிலும் ஏறியது. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா? எவனோ ஒரு புண்ணியவான் அந்தக் கண்களைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'முனியாண்டி போஸ் கொடுக்கிறார்' என்று எழுதி அனுப்பிவிட்டான். தோட்டத்து வாட்சப் குழுவில் ஒரு ஆள் பாக்கியில்லாமல் சிரித்தார்கள்.

மறுநாள் ரதி சோறு கொண்டுபோனபோது கார் கழுவும் கடையில் விமலா நின்றுகொண்டிருந்தாள். கத்தவில்லை, அழவில்லை.

"எம்புள்ள பேசும்னு சொன்னியே தம்பி. அது சாமி சொன்னதா, நீ சொன்னதா?"

தர்மராஜ் டயர் பக்கம் குனிந்துகொண்டான். கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இராஜமாணிக்கம் வண்டிக் கண்ணாடியை இறக்கி, "சாமி, பின் டயர்ல சேறு இருக்கு சாமி," என்றார். அப்புறம் வந்த ஒவ்வொருவனுக்கும் அவன் 'சாமி'தான்.

வீட்டில் அவன் திட்டியிருந்தால் ரதி தாங்கியிருப்பாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, அந்தப் படத்துல நீ அழகா இருக்க. அதான்..."

"சாமி பாதி வரும் ரதி," என்றான். "உண்மையாவே வரும். மீதிய நான் புடிச்சு இழுத்துக்குவேன். ஆளுங்க அப்படிப் பாக்குறப்ப எப்படி இழுக்காம இருக்குறது?" செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளினான். "நான் உன்னைத்தான் பார்த்தேன். நீ ஊருக்கே காட்டிட்ட."

அடுத்த திருவிழாவுக்குக் கோலா கிளாவாங்கிலிருந்து வேறொரு சாமியாடியை ஏற்பாடு செய்திருந்தார்கள். அந்த ஆள் வந்து சேருவதற்கு முன்பே தர்மராஜ் சிவப்புக் கச்சையோடு வாசலில் நின்றான்.

"கத்திய வைங்கடா."

அவன் ஒருநாளும் கத்தி விளிம்பில் வெறுங்காலோடு ஏறி நின்றவன் இல்லை. யாரோ சிரித்தார்கள். இராஜமாணிக்கம் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கத்தியின் மேல் வைத்து அழுத்திக் காட்டினார். பழம் இரண்டாகி விழுந்தது. இரண்டு பேர் கத்தியைத் தோளில் தாங்கிக்கொண்டார்கள். கைப்பேசிகள் எல்லாம் மேலே போயின. ரதி "அண்ணே, வேணாம்!" என்று கத்தியது உறுமியில் அமுங்கிப்போனது, அவன் ஏறிவிட்டான்.

வித்தை தெரிந்தவர்கள் பாதத்தை நேராக வைத்து நிற்பார்கள், இம்மிகூட இழுக்கமாட்டார்கள். தர்மராஜ் இழுத்தான். தெரியாமல் இழுத்தானா, தெரிந்தே இழுத்தானா என்று அந்த முனியாண்டிதான் சொல்ல வேண்டும். கத்தியைத் தாங்கியவனின் சட்டையில் ரத்தம் வழிந்தது. தர்மராஜ் முகம் சுளிக்கவில்லை. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"சாமீ!" என்று அலறி விழுந்தாள் விமலா. இடுப்பிலிருந்த பிள்ளை வாயைத் திறக்காமல் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இராஜமாணிக்கத்தின் துண்டு தானாக இடுப்புக்கு இறங்கியது. போன மானம் அரை நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டது. ரதியின் கைகளும் கேமராவைத் தூக்கிவிட்டிருந்தன. பழகிய கை.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வேனில் அவன் கால்களை அவள் மடியில் வைத்துத் துண்டால் இறுக்கிப் பிடித்திருந்தாள். துண்டு நனைந்துகொண்டே வந்தது. அவன் உதடு வெளுத்திருந்தது.

"எடுத்தியா?"

ரதி தலையாட்டினாள்.

"கண்ணு எங்கயும் போகலல்ல?"

"போகலண்ணே."

"காட்டு."

காட்டினாள். அவன் விரலால் படத்தைப் பெரிதாக்கித் தன் கண்களை ஒன்றொன்றாகப் பார்த்தான். வெறித்து நின்ற அந்தக் கண்கள் யாரையும் பார்க்கவில்லை.

"இத அனுப்பு லா எல்லாருக்கும்," என்றான்.

ரதி அனுப்பினாள். அந்தப் படத்தில் அவள் எங்கேயும் இல்லை.