டைரக்ட் பிளேன்

"டைரக்ட் பிளேன்தான், கவலைப்படாதே. எறங்கினதும் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டுக் காலையில் கிளம்பிப் போனான் கணவன். லிஃப்ட் மெக்கானிக். புது வேலை கிடைத்திருந்த நகரம் எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். மதியம் ஒரு சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தெரியாத எண்.

"நான்தான். இன்னும் போய்ச் சேரல... ஐயோ, இரு இரு... அப்புறம் பேசறேன்."

பின்னால் ஒரு பெண் கலகலவென்று சிரித்தாள். அதோடு போன் நின்றுவிட்டது.

போனில் விஷயத்தைக் கேட்ட அவள் அக்கா, பஸ் கண்டக்டர், டூட்டி முடிந்து நேராக இங்கேதான் வந்தாள். தோளில் தொங்கிய பையைக்கூடக் கழற்றவில்லை.

"டைரக்ட்டுன்னா டைரக்ட்டுதான்டி. என் டைரக்ட் பஸ்ஸுக்கு மந்திரியே கை காட்டினாலும் பிரேக் போட மாட்டோம். அவ்ளோ தூரத்துக்கு ஒன்பது மணி நேரமாவது பறக்கணும். கெளம்பின அஞ்சாவது மணி நேரத்துல உன் புருஷனுக்கு நடுவானத்துல போன் குடுத்தது யாரு?"

"பக்கத்து சீட்டா இருக்கும்க்கா."

"நான் பாக்காத பக்கத்து சீட்டா! ஆளு பாதி வழில எறங்கிட்டாரு. எவளோ எறக்கிட்டா."

அந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். யாரும் எடுக்கவில்லை. சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பழைய நாட்களைக்கூட விட்டுவைப்பதில்லை. போன வாரம் அவன் புதுச் சட்டை வாங்கியது, கண்ணாடி முன்னால் நின்று பாட்டு முணுமுணுத்தது எல்லாம் இப்போது வேறு மாதிரி தெரிந்தன.

"துணிய எடுத்து வை. என் வீட்டுக்கு வந்துடு. அந்த ஆளு போன் பண்ணினா நான் பேசிக்கறேன்" என்றாள் அக்கா.

கட்டிலில் பெட்டி திறந்து கிடந்தது. 'கடவுளே, அவரை நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அவள் துணிகளை அடுக்கினாள்.

சாயங்காலம் அதே எண்ணிலிருந்து போன் வந்தது. அக்கா பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். "யாரும்மா நீ?"

"அண்ணன் வீடுங்களா? ஆஸ்பத்திரில இருந்தேன், அதான் எடுக்கல. பாப்பாவுக்குக் காய்ச்சல். பிளேன்ல வழி பூரா அண்ணன்தான் தோள்ல போட்டுக்கிட்டு வந்தாரு. எங்க ஊர்ல பிளேன் நின்னதும், அவர் போன்ல சார்ஜ் இல்லன்னு நான்தான் என் போனைக் குடுத்தேன். பாப்பா அவரைப் பேச விட்டாத்தானே? மூக்கைப் பிடிச்சு இழுத்துட்டா. எனக்குச் சிரிப்பு தாங்கல."

"டைரக்ட் பிளேன் எப்படிம்மா நிக்கும்?" அக்கா விடவில்லை.

"நிக்குங்க. டைரக்ட்னா பிளேன் மாற வேண்டாம், அவ்ளோதான். நிக்காம போறதுக்குப் பேரு நான்ஸ்டாப். காய்ச்சல் விட்டுடுச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, பாவம், ரொம்பத் தவிச்சாரு."

அக்கா மெதுவாகப் பையைக் கழற்றி வைத்தாள். "பேரை இப்படி வெச்சா நான் என்னடி பண்றது?"

கொஞ்ச நேரத்தில் கணவன் கூப்பிட்டான். போய்ச் சேர்ந்துவிட்டானாம். மதியத்திலிருந்து தீட்டி வைத்திருந்த கேள்வியை அவள் விழுங்கிக்கொண்டாள். பெட்டியிலிருந்து துணிகளை வெளியே எடுத்தபடியே சொன்னாள்:

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சாம்."

"உனக்கு எப்படித் தெரியும்? யாரு சொன்னா?" அவன் குரல் மாறியிருந்தது.

அக்கா வாயைப் பொத்திப் பார்த்தாள். முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டாள்.

"இரு இரு" என்றான் கணவன். "பின்னாடி சிரிக்கறது யாரு?"